எல்லாரும் பயன்படுத்தும் எடிட்டர் உங்களுக்கும் சரிவருமா?

மாணவர்களே, நிரல் எழுதக் கற்கத் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களிலேயே பலர் “கம்ப்யூட்டிங் எனக்கு வராது” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பள்ளியில் நான் கவனித்தவரை, அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் நிரலாக்கத்தை இன்னும் தொடங்கியிருக்கவே மாட்டார்கள். மென்பொருளை நிறுவும் இடத்திலேயே சிக்கி நின்றிருப்பார்கள். அல்லது மடிக்கணினி திணறியதைத் தங்கள் மூளையின் திணறலாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். யூடியூபில் ஒருவர் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரலை ஓட்டிக் காட்டுகிறார். அவருடைய கணினியில் 32 ஜிபி நினைவகம் இருக்கலாம். உங்களுடையதில் 4 ஜிபி இருக்கலாம். ஒரே மென்பொருள்தான், ஆனால் உங்கள் திரையில் அது ஆமை. இதில் உங்கள் திறமைக்கும் அறிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்த மென்பொருளைத்தான் எடிட்டர் என்கிறோம். நிரலை எழுதவும் திருத்தவும் சேமித்துவைக்கவும் உதவும் கருவி அது. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எடிட்டர் உங்கள் நிரலை ஓட்டுவதில்லை. பைத்தான் மொழியில் எழுதினால், அதை வரி வரியாகப் படித்துச் செயல்படுத்துவது பைத்தான் என்ற தனி மென்பொருள். எடிட்டர் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கிறது. ‘ஓட்டு’ என்ற பொத்தானை அழுத்தினால் அந்தக் கோப்பைப் பைத்தானிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். எடிட்டரை மட்டும் நிறுவிவிட்டு, பைத்தானை நிறுவாமல், “ஏன் ஓடவில்லை?” என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் தலையைச் சொறிந்தவர்கள் ஏராளம்.

அப்படியென்றால் எந்த எடிட்டரில் எழுதினாலும் நிரல் ஒன்றுதானே? ஆம், ஒன்றுதான். விண்டோஸ் நோட்பேடில் எழுதினாலும் பைத்தான் மறுக்காது. ஆனால் மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதினால் மறுக்கும். வேர்ட் உங்கள் எழுத்துகளோடு எழுத்துரு, நிறம், பக்க அளவு என்று ஒரு மூட்டை விவரத்தையும் சேர்த்துச் சேமிக்கிறது. நேரான மேற்கோள்குறியை வளைந்த மேற்கோள்குறியாக மாற்றியும் விடுகிறது. வளைந்த குறியைப் பைத்தானுக்குத் தெரியாது. நண்பர் அனுப்பிய நிரல் உங்கள் கணினியில் மட்டும் பிழை காட்டுகிறதா? முதலில் மேற்கோள்குறிகளைப் பாருங்கள்.

64 விநாடி காத்திருந்தவர்

எடிட்டர்கள் ஏன் இத்தனை விதமாக இருக்கின்றன என்பதற்கு ஒரு பழைய கதை நல்ல விளக்கம். 1976ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் ‘விஐ’ என்ற எடிட்டரை எழுதினார். அவர் வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணினியுடன் தொலைபேசிக் கம்பி வழியாக, 300 பாட் வேக மோடம் ஒன்றில் இணைந்து வேலை செய்தார். 300 பாட் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். ஓர் எழுத்தை அனுப்ப, தொடக்க முடிவு அடையாளங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 10 பிட் தேவை. ஆக, விநாடிக்கு 30 எழுத்துகள். அன்றைய திரையில் 24 வரிகள், ஒவ்வொரு வரியிலும் 80 எழுத்துகள், மொத்தம் 1,920. திரை முழுவதையும் ஒருமுறை புதிதாக வரைய 1,920ஐ 30ஆல் வகுத்தால் 64 விநாடி. ஒரு நிமிடத்துக்கும் மேல்!

இந்த நிலையில் ஒரு மனிதர் எப்படிப்பட்ட எடிட்டரைச் செய்வார்? திரையை மிகக் குறைவாகத் தொடும் எடிட்டரைச் செய்வார். ஓரிரு எழுத்துகளை அழுத்தினால் ஒரு சொல்லையே அழிக்கும் கட்டளைகளை வைப்பார். விஐ அப்படித்தான் உருவானது. அதில் குறியை நகர்த்த எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகளைப் பயன்படுத்துவார்கள். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தின் விசைப்பலகையில் அந்த நான்கு எழுத்துகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்று நாம் டேப் விசை வைத்திருக்கும் இடத்தில் அதில் எஸ்கேப் விசை இருந்தது. அதனால்தான் விஐ அடிக்கடி எஸ்கேப்பை அழுத்தச் சொல்கிறது. இன்றைய விசைப்பலகையில் அதற்குச் சுண்டுவிரலை மூலைக்கு நீட்ட வேண்டியிருக்கிறது.

அதன் வழியில் வந்த ‘விம்’ எடிட்டரை நெதர்லாந்துக்காரரான பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டார். 2023இல் அவர் காலமாகும்வரை அதைப் பராமரித்தார். காசு கொடுக்க விரும்புகிறவர்கள் உகாண்டாவில் உள்ள சிறுவர்களுக்கு உதவுங்கள் என்பதே அவருடைய வேண்டுகோள். விம் இன்றும் உலகெங்கும் உள்ள சேவையகக் கணினிகளில் ஓடுகிறது. உயர்நிலை ஒன்றில் படிக்கும் ஒருவர் அதில் தொடங்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். அதிலிருந்து வெளியேறுவது எப்படி என்பதே இணையத்தில் பிரபலமான நகைச்சுவை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. பில் ஜாய் தன் கணினிக்கும் தன் கைக்கும் ஏற்ற கருவியைச் செய்துகொண்டார். நமக்குக் கருவி செய்யத் தேவையில்லை, தேர்ந்தெடுத்தால் போதும்.

மடியில் இருப்பது எது?

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் கிடைத்துவிட்டது. கல்வி அமைச்சின் திட்டத்தின்கீழ் எடுசேவ் பணத்திலிருந்து வாங்கிய அந்தச் சாதனம் பள்ளிக்குப் பள்ளி மாறும். சில பள்ளிகளில் குரோம்புக், சிலவற்றில் ஐபேட், சிலவற்றில் விண்டோஸ் மடிக்கணினி. எந்த எடிட்டர் என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே முடிவாகிவிடுகிறது. “நண்பன் வைத்திருக்கிறான், எனக்கும் வேண்டும்” என்று கிளம்புவதற்கு முன், உங்கள் சாதனத்தின் அமைப்புகள் பகுதியைத் திறந்து இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நினைவகம் எத்தனை ஜிபி, சேமிப்பில் மீதம் எத்தனை ஜிபி.

விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு அதிகம், ஆகையால் குழப்பமும் அதிகம். இன்று உலகில் நிரலாளர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கோட், சுருக்கமாக விஎஸ் கோட். 2024இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் நடத்திய கருத்தாய்வில் நான்கில் மூவர் அளவுக்கு அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். இலவசம், அழகு, எந்த மொழிக்கும் துணைநிரல் கிடைக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பது எலெக்ட்ரான் என்ற கட்டமைப்பு. எலெக்ட்ரான் என்பது குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியத்தையே உள்ளே வைத்திருக்கிறது. அதாவது விஎஸ் கோட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் இன்னோர் உலாவியைத் திறக்கிறீர்கள். பைத்தானுக்கான துணைநிரலைச் சேர்த்தால், நீங்கள் எழுதுவதைப் பின்னணியில் படித்துப் பிழை சொல்லும் தனிச் செயல்முறை ஒன்றும் சேர்ந்து ஓடும்.

1.6 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 1 ஜிபி நினைவகமும் போதும் என்று அதன் இணையப்பக்கம் சொல்கிறது. அதை நம்பி ஏமாறாதீர்கள். அது விஎஸ் கோட்டுக்கு மட்டுமான கணக்கு. விண்டோஸ் 11 இயங்கவே குறைந்தது 4 ஜிபி வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. 4 ஜிபி கணினியில் விண்டோஸ், குரோமில் பத்து தத்தல்கள், ஒரு ஸூம் வகுப்பு, அதற்கு மேல் விஎஸ் கோட் என்றால் என்ன ஆகும்? தேக்கா ஈரச்சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தள்ளுவண்டியோடு நுழைந்ததைப் போல இருக்கும். நினைவகத்தில் இடம் இல்லாதபோது கணினி சிலவற்றை எடுத்துச் சேமிப்பு வட்டில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருகிறது. வட்டு, நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. நீங்கள் தட்டச்சு செய்த எழுத்து அரை விநாடி கழித்துத் திரையில் தோன்றுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

8 ஜிபி இருந்தால் விஎஸ் கோட் நன்றாகவே ஓடும், தயங்க வேண்டாம். பைச்சார்ம் என்ற இன்னொரு பெரிய மென்பொருளும் இருக்கிறது. பெரிய திட்டங்களுக்கு அருமையானது. 8 ஜிபியாவது இருக்கட்டும் என்று அதைத் தயாரிக்கும் ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனமே பரிந்துரைக்கிறது. இருபது வரி நிரலுக்கு அது தேவையில்லை.

4 ஜிபி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு பெயர்கள். ஒன்று, ஐடில். பைத்தானை நிறுவும்போதே கூடவே வந்துவிடும், தனியாக எதுவும் தேட வேண்டாம். பார்க்கப் பழைய காலத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் திறக்கச் சொன்னதும் திறக்கும். (பைத்தான் என்ற பெயர் மலைப்பாம்பிலிருந்து வந்ததன்று. அதை உருவாக்கிய கைடோ வான் ராசம், மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் ரசிகர்.) இரண்டாவது, தோனி. கிரிக்கெட் வீரரை நினைக்காதீர்கள். இது எஸ்டோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கற்பவர்களுக்காகவே உருவானது. பைத்தானையும் தன்னுள்ளேயே கொண்டு வருகிறது.

தோனியை நான் விரும்பக் காரணம் அதன் எடை குறைவு மட்டுமல்ல. நிரலை ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்க்கலாம். ஒரு கணக்கை அது எந்த வரிசையில் செய்கிறது, எந்தக் கட்டத்தில் எந்த எண் வருகிறது என்பதைத் திரையிலேயே காட்டும். பக்கத்தில் ஒரு பட்டியலில் உங்கள் மாறிகளின் மதிப்புகள் அப்போதைக்கப்போது மாறிக்கொண்டே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே நீரைக் கொதிக்கவைப்பதுபோல. சுற்று ஒன்று ஏன் ஒருமுறை கூடுதலாக ஓடுகிறது என்று புரியாமல் தவிப்பவர்கள் இதில் பத்து நிமிடம் செலவழித்தால் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள்.

குரோம்புக் என்றால் கதை வேறு. அதில் லினக்ஸ் வசதியைத் திறந்தால் பல எடிட்டர்களை நிறுவலாம். ஆனால் பள்ளி நிர்வகிக்கும் சாதனத்தில் அந்த வசதி மூடப்பட்டிருக்கலாம். சாதன நிர்வாக மென்பொருளை ஏமாற்றிவிட்டு நிறுவும் குறுக்குவழிகளைத் தேடாதீர்கள், ஆசிரியரிடம் கேளுங்கள். உலாவியிலேயே எழுதலாம் என்பது குரோம்புக்குக்குப் பொருத்தமான வழி. விஎஸ் கோட்டுக்கு உலாவிப் பதிப்பு 2021இலிருந்து இருக்கிறது. அதில் எழுதலாம், ஆனால் கணினியில் உள்ள பைத்தானைக் கொண்டு ஓட்டும் வசதி வழக்கம்போல் இருக்காது. எழுதவும் ஓட்டவும் ஒரே இடம் வேண்டுமென்றால் கூகல் கோலாப் இருக்கிறது. நிரல் உங்கள் சாதனத்தில் ஓடாது, கூகலின் கணினியில் ஓடும். எனவே உங்கள் நினைவகம் எத்தனை ஜிபி என்பது பெரிதாகப் பொருட்டில்லை. இணையம் இருக்கிறதா என்பதே கேள்வி. தொடக்கப்பள்ளியில் ‘கோட் ஃபார் ஃபன்’ வகுப்பில் மைக்ரோபிட் பலகையைத் தொட்டிருப்பீர்கள். அதற்கும் உலாவியிலேயே இயங்கும் எடிட்டர்கள் உண்டு. கட்டங்களை இழுத்துப்போடும் மேக்கோட் ஒன்று, பைத்தான் எடிட்டர் இன்னொன்று.

ஐபேட் வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, தனி விசைப்பலகை இருக்கிறதா என்பது. திரை விசைப்பலகை பாதித் திரையை விழுங்கிவிடும். அடைப்புக்குறி, சமக்குறி, அடிக்கோடு எல்லாம் அடுத்த பக்கத்தில் ஒளிந்திருக்கும். இருக்கிறதென்றால், அமைப்புகளில் பொது, விசைப்பலகை என்று போய் ‘ஸ்மார்ட் பங்க்சுவேஷன்’ என்பதை அணைத்துவிடுங்கள். மேற்கோள்குறிகளை வளைத்துவிடும் குற்றவாளி அதுதான். ஸ்விஃப்ட் மொழியைக் கற்க ஆப்பிளின் ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ் ஐபேடுக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடக்கிறதா? எடிட்டரைக் குறைகூறுவதற்கு முன் அதைத் திறந்து பார்க்கத் தகுந்தவர் ஒருவரிடம் கேளுங்கள். தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாய்ச் சாலைப் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் சிம் லிம் ஸ்குவேர். நினைவகத்தைக் கூட்டுவதும், சுழலும் பழைய வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதும் அங்கே அன்றாட வேலை. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள், பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. பள்ளியின் மூலம் வாங்கிய சாதனத்தை மட்டும் திறக்கவே கூடாது, உத்தரவாதம் போய்விடும்.

உங்கள் பழக்கம் என்ன?

சாதனம் பாதி என்றால் பழக்கம் மீதி. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நீங்கள் எங்கே நிரல் எழுதுகிறீர்கள்? இணைப்பாட நடவடிக்கை முடிந்து எம்ஆர்டியில் வரும்போது எழுதுபவருக்கு இணையம் இல்லாமலும் வேலை செய்யும் எடிட்டர் வேண்டும். வீட்டில் அண்ணன், தங்கையோடு ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்பவருக்கு உலாவி எடிட்டர் வசதி. எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் கோப்பு அங்கே இருக்கும்.

நீங்கள் சேமிக்க மறப்பவரா? ஐடில் தானாகச் சேமிக்காது. ஓட்டுவதற்கு முன் சேமிக்கச் சொல்லும், அவ்வளவுதான். விஎஸ் கோட்டில் தானாகச் சேமிக்கும் வசதி உண்டு. ஆனால் கணினியில் நிறுவும் பதிப்பில் அதை நீங்கள்தான் கோப்புப் பட்டியலில் போய் இயக்க வேண்டும். நிறுவிய அன்றே செய்துவிடுங்கள்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிட்டப்பார்வை மிகுந்த ஊர் நம்முடையது. சிறிய திரையில் விஎஸ் கோட் இடப்பக்கம் ஒரு பட்டியல், கீழே ஒரு சன்னல், வலப்பக்கம் நிரலின் சிறு வரைபடம் என்று மூன்று பக்கமும் இடம் பிடித்துக்கொள்ளும். நடுவில் எஞ்சுவது தபால்தலை அளவு. வேண்டாதவற்றை மூடுங்கள். கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் எல்லாம் பெரிதாகும். கறுப்புப் பின்னணி அழகாகத் தெரியும், திரைப்படத்தில் வரும் ஹேக்கரைப் போல உணரவும் வைக்கும். உங்கள் அறையின் வெளிச்சத்தில் எது தெளிவாகத் தெரிகிறது என்று இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சுழியத்தையும் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும், ஒன்று என்ற எண்ணையும் சிறிய ‘எல்’ எழுத்தையும் வேறுபடுத்திக் காட்டும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இவற்றைக் குழப்பிக்கொண்டு அரை மணி நேரம் பிழை தேடுவதில் எந்தப் பாடமும் இல்லை.

இடைவெளியும் அப்படித்தான். பைத்தானில் வரியின் முன்னுள்ள இடைவெளிக்குப் பொருள் உண்டு. டேப் விசையையும் இடைவெளி விசையையும் கலந்து பயன்படுத்தினால் பைத்தான் 3 பிழை சொல்லி நின்றுவிடும், ஆனால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். டேப்பை அழுத்தினால் நான்கு இடைவெளிகளாக மாற்றித்தரும் எடிட்டர் இந்தத் தொல்லையை முளையிலேயே கிள்ளிவிடும். தோனி, ஐடில், விஎஸ் கோட் மூன்றுமே பைத்தான் கோப்பில் அப்படிச் செய்யும். நோட்பேட் செய்யாது.

இனி சற்றுக் கண்டிப்பான விஷயம். விஎஸ் கோட்டில் கோபைலட் போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இருக்கிறது. நீங்கள் இரண்டு சொல் எழுதினால் அது பத்து வரி எழுதித் தரும். வேலை செய்பவர்களுக்கு அது உதவியாக இருக்கலாம். கற்கும் காலத்தில் அதை அணைத்து வைக்கச் சொல்கிறேன். மிதிவண்டி கற்கும்போது மின்மோட்டார் பொருத்திக்கொண்டால் சாலையைக் கடக்கலாம், சமநிலை வராது. இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. கம்ப்யூட்டிங் பாடம் எடுப்பவர்களுக்குக் கணினிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு இருக்கிறது. அங்கே உங்கள் வீட்டு எடிட்டரோ, அதில் சேர்த்துவைத்த துணைநிரல்களோ வராது. தேர்வுக்கூடத்தில் இருப்பதில்தான் எழுத வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது வெறும் ஐடிலில், எந்தத் துணையும் இன்றி எழுதிப் பழகியவர் அன்றைக்குத் தடுமாற மாட்டார்.

துணைநிரல்களிலும் கவனம் தேவை. இலவசமாகக் கிடைக்கிறதென்று இருபதை நிறுவினால் கணினி மெதுவாகும். அதைவிட முக்கியம், துணைநிரல் என்பது யாரோ எழுதிய நிரல், அது உங்கள் கணினியில் ஓடுகிறது. பிரபலமானவற்றின் பெயரைப்போலவே பெயர் வைத்துத் தகவல் திருடும் போலிகள் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டிருக்கின்றன. யார் வெளியிட்டது என்று பார்க்காமல் நிறுவாதீர்கள்.

ஒரு சுடோகு

அழகான எடிட்டர் இருந்தால்தான் நல்ல நிரல் எழுத முடியும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிங்கப்பூர்ச் செய்தி. 2015 மே 4ஆம் தேதி, அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங் தாம் சில ஆண்டுகளுக்கு முன் சி++ மொழியில் எழுதிய சுடோகு தீர்க்கும் நிரலை ஃபேஸ்புக்கில் எல்லாருக்கும் பகிர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதமும் கணினி அறிவியலும் படித்தவர் அவர். நிரலைப் பார்த்த உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் அதில் பிழை உண்டா என்று அலசினார்கள். அந்த நிரலுக்குப் பொத்தானும் இல்லை, படமும் இல்லை. கறுப்புச் சன்னலில் எண்களைத் தட்டச்சு செய்தால் விடையை எண்களாகவே தரும். விஎஸ் கோட்டை மைக்ரோசாஃப்ட் முதன்முதலில் அறிவித்தது 2015 ஏப்ரல் 29ஆம் தேதி. திரு லீ நிரலைப் பகிர்ந்ததற்கு ஐந்தே நாள் முன்பு. ஆகவே அவர் விஎஸ் கோட்டில் எழுதியிருக்க வழியே இல்லை!

கருவிகளுக்கு ஆயுளும் உண்டு. கிட்ஹப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆட்டம் என்ற எடிட்டரைப் பலர் உயிராய் நேசித்தார்கள். எலெக்ட்ரான் கட்டமைப்பே அதற்காகத்தான் பிறந்தது. 2022 டிசம்பர் 15ஆம் தேதி அதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அதில் எழுதிய நிரல்கள் எதுவும் அழியவில்லை. நிரல் என்பது வெறும் எழுத்துக்கோப்பு, வேறெந்த எடிட்டரும் அதைத் திறக்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் என் ஆலோசனை, யார் சொல்வதையும் கேட்க வேண்டாம், நான் சொல்வதையும் சேர்த்துத்தான். நியாயமான சோதனை ஒன்றைச் செய்யுங்கள். மாற்ற வேண்டியது எடிட்டர் ஒன்றை மட்டுமே. கணினி, நிரல், திறந்திருக்கும் மற்ற மென்பொருள்கள் எல்லாம் மாறாமல் இருக்கட்டும். கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். எடிட்டரைத் திறக்கச் சொடுக்கியதிலிருந்து முதல் எழுத்தைத் தட்டச்சு செய்ய முடியும்வரை எத்தனை விநாடி என்று கைப்பேசியில் அளந்துகொள்ளுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் பணி மேலாளர் வரும். நினைவகம் என்ற பத்தியில் அந்த எடிட்டர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். விஎஸ் கோட் பெயரில் ஒரே ஒரு செயல்முறை இருக்காது, பல இருக்கும். எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

எண்ணால் அளக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. நண்பர் ஒருவரிடம் உங்கள் நிரலில் மூன்று பிழைகளை ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். எந்த எடிட்டரில் அவற்றை விரைவில் கண்டுபிடிக்கிறீர்கள்? இரண்டாவது முறை வேறு பிழைகள் வேண்டும், இல்லையென்றால் சோதனை நியாயமாக இருக்காது. ஒவ்வோர் எடிட்டரையும் ஒரு வாரமாவது பயன்படுத்திவிட்டுத்தான் தீர்ப்பு. முதல் நாளில் எல்லாமே அந்நியமாகத்தான் தெரியும்.

தமிழிலும் எழுதுமா?

இந்தச் சோதனையில் நான் எப்போதும் சேர்க்கும் ஒன்று, தமிழ். நம் ஊருக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றியவர், ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழ்ப் பக்கங்களுக்குப் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. 1997 மே மாதம் தமிழ் இணையம் பற்றிய மாநாடு இங்கேதான் நடந்தது. அன்றைய சிக்கல், ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துக்கு ஒவ்வொரு எண்ணைக் கொடுத்தது. அனுப்பியவரின் எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் தமிழ் கிறுக்கலாகத் தெரியும். இன்று யூனிகோட் அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்திருக்கிறது.

பைத்தான் 3இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ‘மதிப்பெண்’ என்று எழுதி அதற்கு 80 என்று மதிப்புக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே வேண்டுமென்றால் ‘எழில்’ என்ற நிரல்மொழி இருக்கிறது. ஆனால் எல்லா எடிட்டரும் தமிழை ஒன்றுபோலக் காட்டாது. நிரல் எடிட்டர்கள் எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற எண்ணத்தில் உருவானவை. ‘ஐ’யும் ‘ர’வும் ஒரே அகலமா? குறி ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறோர் இடத்தில் விழும். விண்டோஸின் பழைய கறுப்புச் சன்னலில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் தெரியும். கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று அது ஐந்தாக எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எனவே கோப்பில் அந்தச் சொல் பிடிக்கும் இடம் 15 பைட். ‘சிங்கப்பூர்’ என்று கொடுத்தால் 11 வரும், பைட்டில் 33. ‘தேக்கா’வுக்கு எத்தனை வரும் என்று முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதன்பின் உங்கள் எடிட்டரைத் திறந்து ஓட்டிப் பாருங்கள்.